கடல் இல்லாத வரைபடம்

ஆதனக்கோட்டை

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில், கந்தர்வக்கோட்டையை நெருங்கும்போதே நிலம் மாறிவிடுகிறது. வாய்க்கால்களைக் காணோம். நெல் வயல்கள் இடைவெளி விட்டுப் பிறகு அறவே நின்றுபோகின்றன. செம்புரை மண்ணும், வரிசை பிசகாத தைலமரக் காடும், நடுநடுவே முந்திரியும் வருகின்றன. ஆதனக்கோட்டையில் சாலையோரம் பெண்கள் முந்திரி வறுத்து விற்கிறார்கள். ஓட்டை போட்ட சட்டியில் கொட்டையைப் போட்டு அடியில் தீ மூட்டினால், தோலிலிருக்கும் எண்ணெய் கசிந்து தானே பற்றிக்கொள்ளும். கருகும் முன் கொட்டி அணைத்து, ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்துப் பருப்பெடுக்க வேண்டும். அந்த எண்ணெய் பட்டால் தோல் பொத்துப்போகும். பல வருஷம் இந்த வேலை செய்த விரல்களைப் பார்த்தாலே தெரியும். இயந்திரத்தில் ஆவி காட்டி உடைத்த வெள்ளைப் பருப்பில் இல்லாத ஒரு தீய்ந்த மணம் இதில் உண்டு. அதற்காகத்தான் கார்கள் நிற்கின்றன. ஒரு பொட்டலம் வாங்கி, ‘ஆதனக்கோட்டை முந்திரி சாப்பிட்டாயிற்று’ என்று மனத்துக்குள் ஒரு கோடு கிழித்துவிட்டு நகர்ந்துவிடலாம். பெரும்பாலான உணவுப் பயணங்கள் இந்தக் கோட்டோடு முடிந்துவிடுகின்றன.

அந்தக் கோட்டை அழிக்க ஒரு கேள்வி போதும்: முந்திரி எப்படி இந்த ஊருடையதாயிற்று? அது பிரேசில் பக்கத்து மரம். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. ‘அப்படியானால் வட்டார உணவு என்று பேசுவதே வெறும் பெருமைதானே? மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது, முந்திரி பிரேசிலிலிருந்து வந்தது, இதில் புதுக்கோட்டையுடையது எது?’ என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. இதற்கான விடை உணவுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு விளையாட்டின் வரலாற்றில் கிடைக்கிறது. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடத் தொழிலாளி, ஐரோப்பாவின் வரைபடத்தை மகோகனிப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்துத் துண்டுகளாக்கிப் பிள்ளைகளுக்குப் பூகோளம் கற்பிக்க விற்றார். இன்று ஜிக்சா என்று நாம் சொல்லும் துண்டுப்படப் புதிரின் தொடக்கம் அது. மகோகனி ஐரோப்பாவில் விளைகிற மரமல்ல, அட்லாண்டிக் தாண்டி வந்தது. பலகை எங்கிருந்து வந்தாலும், பிரான்ஸ் என்ற துண்டைப் பிரான்ஸ் ஆக்கியது அறுத்த கோடுதான். முந்திரியும் அப்படித்தான். ஆற்றுநீர் எட்டாத, நெல் ஏற்காத செம்புரை மேடு, அங்கே வேறு கூலிவேலை குறைவாக இருந்த பெண்கள், இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவில் வண்டிகள் நின்றுபோகும் சாலை ஆகிய மூன்றும் சேர்ந்து அறுத்த வடிவம் ஆதனக்கோட்டை முந்திரி. பொருள் எங்கிருந்தும் வரலாம். வடிவத்தை அறுத்தது இந்த ஊர்.

திருக்கோகர்ணம்

புதுக்கோட்டை நகரத்தோடு ஒட்டிக்கொண்டு, திருச்சி சாலைப் பக்கம் இருக்கிறது திருக்கோகர்ணம். பாறையைக் குடைந்த கருவறையில் கோகர்ணேசுவரர் இருந்தாலும், ஊரின் பெயரை வெளியே கொண்டுசென்றவள் பிரகதாம்பாள். தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம் அவள். சமஸ்தானம் அடித்த சிறு செப்புக்காசின் ஒரு பக்கத்தில் அவள் உருவம் இருந்தது. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு அந்தக் காசையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அரைக்காசு அம்மன் என்ற பெயர் அந்த வழியில் நிலைத்தது. சாவியோ மூக்குத்தியோ தொலைந்தால் ‘அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைக்கிறேன்’ என்று தமிழ்நாடு முழுக்க நேர்ந்துகொள்வது இவளுக்குத்தான். பொருள் கிடைத்ததும் அந்த வெல்லத்தைக் கரைத்துப் பானகமாக்கி நாலு பேருக்குக் கொடுக்கிறார்கள். மன்னராட்சி 1948இல் போயிற்று, காசு செல்லாமல் போயிற்று. வெல்லம் மட்டும் நிற்கிறது. ஒரு அரசின் அறக்கொடை எப்படியிருந்தது என்பதற்கு இந்தப் பானகம் ஒரு சாட்சி. ஆனால் கையில் பானகத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு அது தெரியவராது. பக்கத்தில் காசும் வேண்டும், காசின் பக்கத்தில் படியரிசியும் வேண்டும்.

இதே ஊரில் 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே உள்ள, மாவட்டத்து ஈமக்குழிகளில் கிடைத்த தாழி, பானை போன்ற பொருள்கள் பெரும்பாலும் முழுதாகக் கிடைப்பவை அல்ல. ஓடு ஓடாகப் பொறுக்கி, வளைவைப் பார்த்து, உடைந்த ஓரத்தை ஓரத்தோடு வைத்துப் பார்த்து ஒட்டுவது அகழாய்வுக்காரர்களின் அன்றாடப் பாடு. நகரத்துக்குப் பக்கத்திலேயே, சங்க காலக் கோட்டை என்று சொல்லப்படும் பொற்பனைக்கோட்டையில் 2023 முதல் நடந்த அகழாய்வில் எழுத்துப் பொறித்த பானை ஓடும் சிறிய பொன் மூக்குத்தியும் கிடைத்தன. பெட்டியின் மேல் அச்சிட்ட படம் இல்லாமல் விளையாடும் ஜிக்சா என்று அந்த வேலையைச் சொல்லலாம்.

ஓர் ஊரின் உணவு பயணிக்குத் தரும் இன்பமும் பொருந்துதலின் இன்பமே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். ஜிக்சாவில் ஊறியவர்கள் சுலபமான புதிரை விரும்புவதில்லை. ஆயிரம் துண்டுப் புதிர் என்று விற்பது பொதுவாக 38 வரிசையும் 27 நிரலுமாக 1026 துண்டுகள். அதில் நேர்க்கோட்டு ஓரமுள்ளவை 126, எட்டில் ஒரு பங்கு. முதலில் இவற்றைப் பொறுக்கிச் சட்டம் கட்டிவிடுவார்கள். அது யாராலும் முடியும். உண்மையான ஆட்டம் மிச்சமுள்ள ஏழு பங்கில், அதிலும் ஒரே நீலமாக விரியும் வானத்திலோ தண்ணீரிலோதான் இருக்கிறது. அங்கே நிறம் உதவாது; ஒவ்வொரு துண்டின் கழுத்தையும் குழியையும் பார்த்து வைக்க வேண்டும். ‘இந்த ஊருக்குப் போனால் இதைச் சாப்பிடு’ என்ற பட்டியல்கள் தருவது அந்த 126 ஓரத் துண்டுகளைத்தான். அவை பொய்யல்ல, சட்டம் இல்லாமல் படம் நிற்காது. ஆனால் சட்டம் கட்டியதும் எழுந்து போகிறவர் புதிரை ஆடவில்லை. ‘பசிக்குச் சாப்பிடுவதில் என்னய்யா ஆராய்ச்சி, நாக்குக்குப் பிடித்தால் போதாதா?’ என்று கேட்கலாம். நாக்குக்குப் பிடிப்பது முதல் இன்பம். அதை யாரும் பறிக்கவில்லை. ருசித்த பண்டம் ஏன் இங்கே இப்படி இருக்கிறது என்று விளங்கும் கணத்தில் அதே பண்டம் இரண்டாம் முறை ருசிக்கிறது. இந்த இரண்டாவது ருசிக்குத்தான் பயணம் தேவைப்படுகிறது. முதலாவது இப்போது வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

அன்னவாசல்

மேற்கே சித்தன்னவாசல் குன்றில், சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகளுக்கு இந்தப் பக்கம், அறிவர் கோயில் என்ற சிறு குடைவரை இருக்கிறது. அதன் விதானத்தில் ஒரு தாமரைக் குளம்: மீன்கள், யானைகள், எருமைகள், பூப்பறிக்கும் ஆட்கள். சமஸ்தானத்தின் வரலாற்றை 1916இல் நூலாக எழுதிய எஸ். ராதாகிருஷ்ண ஐயர் இந்த ஓவியங்களை வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றில் பெரும்பகுதி உதிர்ந்துபோய்விட்டது. இன்று மேலே பார்க்கிறவர் ஒரு கொடியின் நடுவை, ஒரு யானையின் முதுகை, ஒரு கையின் வளைவைத்தான் பார்க்கிறார். இடையில் வெறும் காரை. ஆனாலும் அது குளம் என்று புரிகிறது. இருக்கும் துண்டுகள் ஒன்றையொன்று சுட்டுவதால் இல்லாத துண்டின் வடிவம் தெரிகிறது. ஜிக்சாவோடு ஊரை ஒப்பிடுவதற்கு எழும் வலுவான ஆட்சேபம் இங்கே நினைவுக்கு வரும்: ‘ஜிக்சாவை ஒருவர் திட்டமிட்டு வெட்டுகிறார், அதற்கு ஒரே விடை, பெட்டிமேல் படமும் இருக்கிறது. ஊருக்கு வெட்டியவரும் இல்லை, படமும் இல்லை.’ சரிதான். ஊர் அட்டைப்பெட்டிப் புதிரல்ல. இந்த விதானத்தைப் போன்றது. முழுப்படம் கிடைக்காது. ஆனால் முழுப்படம் கிடைக்காத இடத்தில் தப்பான துண்டை வைத்தால் தப்பு என்று தெரிந்துவிடும் என்பதும் உண்மை. காவிரிக் கரைச் சாப்பாட்டைக் கொண்டுவந்து இந்தப் பாறை நிலத்தில் பொருத்தினால் பொருந்தாது.

பொருந்துவது என்னவென்றால், வெயில் ஏறிய நேரத்தில் சாலையோர வேப்பமரத்தடியில் சட்டியோடு உட்கார்ந்திருப்பவரிடம் கிடைக்கும் கம்மங்கூழும் கேப்பைக்கூழும். மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம், மோர்மிளகாய், கொத்தவரை வத்தல் என்று தொட்டுக்கொள்ள வைக்கிறார்கள். இது ‘ஆரோக்கிய உணவு’ என்று நகரத்து உணவு விடுதிகளில் மண் கலயத்தில் பரிமாறப்படும் பண்டம். இங்கே மண்வெட்டியும் கையுமாக வந்து நின்றபடி குடித்துவிட்டுப் போகிறார்கள். மழை பெய்தால் நிறையும், பெய்யாவிட்டால் வெடிக்கும் கண்மாய்களை நம்பிய நிலம் இது. பழைய ஏரிகளில் குமிழித் தூம்பு வைத்து, யார் வைத்தது என்று கல்லில் வெட்டியும் வைத்தார்கள். தண்ணீரைத் திறந்துவிடும் மதகுக்குப் பெயர் பொறித்த நிலத்தில், தண்ணீர் குறைவாகக் கேட்கும் கம்பு நின்றது. வத்தல் என்பதும் பஞ்ச மாதத்துக்கான சேமிப்புதான். கூழ், வத்தல், கண்மாய், கல்வெட்டு நான்கும் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்கின்றன.

பொருந்துகிற துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் படம் அழகாக வரும். அழகாக வருவதாலேயே சந்தேகப்பட வேண்டும். இதே அன்னவாசல் ஒன்றியத்தில்தான் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில், பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியின் தண்ணீரில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பார்க்கச் சென்ற அதிகாரிகள் அந்தப் பகுதித் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதைக் கண்டார்கள்; வழக்குப் பதிவாயிற்று. ‘உணவு மனிதர்களைச் சேர்க்கும்’ என்று எழுதுவது பயணக் கட்டுரைகளின் வழக்கம். உணவு சேர்க்கவும் செய்கிறது, யாரை எங்கே நிறுத்துவது என்று பிரிக்கவும் செய்கிறது. ஒரு கடையில் குடிக்கும் தேநீர் எந்தக் குவளையில் வருகிறது, யார் உள்ளே உட்காருகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்க்காதவருக்கு அந்தத் தேநீரின் பாதிதான் கிடைத்தது. பொருந்துதல் என்ற அளவுகோல் இனிமையான முடிவுக்கு மட்டும் இட்டுச்செல்வதாக இருந்தால் அதை வைத்துக்கொள்வதில் பயனில்லை. கசப்பான துண்டும் இதே படத்துக்கு உரியது என்று காட்டுவதால்தான் அது உதவுகிறது.

திருமயம்

தெற்கே திருமயத்தில் கோட்டைக்குக் கீழே ஒரே பாறையின் முகத்தில் பெருமாளுக்கும் சிவனுக்கும் தனித்தனிக் குடைவரைகள். சிவன் குடைவரையில் குடுமியான்மலையில் உள்ளதைப் போன்ற ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வேறொரு ஆவணத்தைப் பொறிப்பதற்காக அதன் பெரும்பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். பிந்திய எழுத்துக்கு நடுவே முந்தியதன் சில எழுத்துகள் மிஞ்சியிருக்கின்றன. இந்த வட்டாரத்து உணவுக்கும் அதே கதி நேர்ந்திருக்கிறது. திருமயத்தைச் சுற்றியும் காரைக்குடிப் பக்கமும் விரிந்திருக்கும் செட்டிநாட்டின் பெயரால், உலகம் முழுக்க ஒரு காரசாரமான கோழி வறுவல் விற்கிறது. கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு என்று மசாலாப் பட்டியலும் அதோடு போகிறது. அந்தப் புது எழுத்துக்கு அடியில் வேறொரு சமையல் இருக்கிறது.

மண்டி என்ற குழம்பை எடுத்துக்கொள்வோம். வெண்டைக்காயையோ பச்சைமிளகாயையோ, சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்த்து வதக்கி, புளியை அரிசி களைந்த தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிடுகிறார்கள். களைந்த தண்ணீரில் இருக்கும் மாவு குழம்புக்கு வழுவழுப்பைத் தருகிறது. பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி, இத்தாலியச் சலவைக்கல் பரப்பி, முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெருவின் நீளத்துக்கு வீடு கட்டியவர்கள், அரிசி கழுவிய தண்ணீரைக் கீழே ஊற்றவில்லை. முதலில் இது முரணாகத்தான் தெரியும். வீட்டின் நடுவில் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் வளவைப் பார்த்தால், கூரைமழை முழுக்க அங்கே இறங்கிச் சேர்கிறது. ஊரைச் சுற்றிப் பார்த்தால், அந்த வீடுகளைக் கட்டிய செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் வெட்டிக் கரைகட்டிய ஊருணிகள். வற்றாத ஆறில்லாத நிலத்தில் எவ்வளவு பணம் இருந்தாலும் தண்ணீரை வாங்க முடியாது என்பதை அறிந்தவர்களின் குழம்பு அது. மண்டியும் வளவும் ஊருணியும் ஒரே அறுவையின் மூன்று ஓரங்கள். கோழி வறுவலை எவ்வளவு சப்புக்கொட்டிச் சாப்பிட்டாலும் இந்த இடத்துக்கு வந்துசேர முடியாது.

கவுனி அரிசியில் வெளிநாடே உள்ளே வந்துவிடுகிறது. கறுப்பாக, வேக நேரமெடுக்கும் இந்த அரிசியைச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்து இனிப்பாகக் கிளறி, கல்யாணப் பந்தியில் வைக்கிறார்கள். இது பர்மாத் தொடர்பால் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐராவதி ஆற்றுப்படுகை நெல் வயலாக மாறியபோது, விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலங்கள் கைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். அதே பெருமந்தத்தில்தான் அமெரிக்காவில் அட்டை ஜிக்சா பித்து பரவியது. 1933இல் வாரத்துக்கு ஒரு கோடிப் புதிர்கள் விற்றதாகக் கணக்கு. வேலை போனவர்களுக்குச் சில காசில் பல மணிநேரத்தை நிரப்பவும், ஒன்றையாவது முடித்துவிட்டோம் என்று நிமிரவும் அது வழி தந்தது. உலகப் பொருளாதாரத்தின் ஒரே சரிவு ஓரிடத்தில் ஒரு விளையாட்டாகவும், மற்றோரிடத்தில் வட்டிக்கு வாங்கியவனின் நிலம் பறிபோனதாகவும் பதிந்திருக்கிறது. கவுனி அரிசி இனிக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு பர்மிய விவசாயியின் இழப்பும் ஒட்டியிருக்கிறது. இரண்டையும் ஒருங்கே அறிந்து சாப்பிடுவதால் இனிப்பு குறைந்துவிடாது. அது எடை கூடிய இனிப்பாகிறது.

ஆவுடையார்கோயில்

அறந்தாங்கி தாண்டி ஆவுடையார்கோயிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சிற்பத்துக்காக வருகிறார்கள்; கல்லை மரச்சட்டம் போலவும் கயிறு போலவும் இழைத்த கொடுங்கைகள் புகழ்பெற்றவை. மாணிக்கவாசகரோடு பிணைந்த இந்தக் கோயிலின் கருவறையில் லிங்கத்தின் பாணம் இல்லை; ஆவுடை மட்டும் உண்டு. நந்தி இல்லை, கொடிமரமும் இல்லை. ஆத்மநாதருக்கான நிவேதனமும் தனி வகை. மற்றக் கோயில்களில் பச்சரிசி என்றால் இங்கே புழுங்கலரிசிச் சோறு. வடித்துச் சூடாகக் கொண்டுவந்து படைகல்லின் மேல் கொட்டிப் பரப்புகிறார்கள். அதிலிருந்து எழும் ஆவியே நிவேதனம். கூடவே பாகற்காயும் கீரையும். அறுசுவை அன்னமோ அக்காரவடிசிலோ முதன்மையாக இல்லாமல், குடியானவன் வீட்டு மத்தியானச் சாப்பாடே இறைவனுக்குப் போகிறது.

வட்டார உணவை ‘சிறப்புப் பண்டம்’ என்ற வழியில் தேடுகிறவருக்கு இந்தப் படையல் ஒரு பதில். எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியாத புழுங்கல் சோறும் பாகற்காயும் இங்கே நடுவிடத்தில் இருக்கின்றன. ஜிக்சாவில் எல்லாரும் கைவைக்கப் பறக்கும் கோபுரமும் முகமும் சீக்கிரம் முடிந்துவிடும். அவற்றைத் தாங்கி நிற்கும் நிறமற்ற பரப்புத்தான் பொறுமையைக் கேட்கிறது. இந்தத் தென்மாவட்டச் சாப்பாட்டின் பரப்பு, புழுங்கல் சோறு. பர்மாவிலிருந்து வந்த கவுனியும், பிரேசிலிலிருந்து வந்த முந்திரியும், கடற்கரை மீனும் அதன்மேல் வந்து அமர்கின்றன. சென்னையிலிருந்து வருகிறவருக்கு உருவமற்ற இந்தச் சோறு கண்ணில் படாது. ஏனென்றால் அவர் வீட்டிலும் சோறுதான். ஆனால் அவர் வீட்டுப் பொன்னி வெள்ளையாக உதிர்வதும், இங்கே சில வீடுகளில் தடித்த, கஞ்சிப் பிசுபிசுப்புள்ள சோறு இலையில் விழுவதும் ஒன்றல்ல. வேறுபாடு அவ்வளவு சிறிது என்பதால்தான் அதைக் காண்பது கடினம். கடினமானதைக் கண்டதால்தான் மகிழ்ச்சி.

கோட்டைப்பட்டினம்

ஸ்பில்ஸ்பரி தன் வரைபடப் புதிர்களைக் கடலோடும் விற்றார், கடல் இல்லாமலும் விற்றார். கடல் இல்லாதது மலிவு, பலகை மிச்சம். புதுக்கோட்டையைப் பற்றி வெளியூரில் நிலவும் எண்ணமும் இந்த மலிவுப் பதிப்புத்தான்: பாறை, கண்மாய், வறட்சி. பாக் நீரிணையில் சுமார் நாற்பது கிலோமீட்டர் கடற்கரை இந்த மாவட்டத்துக்கு இருக்கிறது என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை. கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் விசைப்படகுத் துறைகள். மீமிசல், கோட்டைப்பட்டினம் போன்ற ஊர்களில் முஸ்லிம்கள் நிறைய. நெய்ச்சோறும் தாளிச்சாவும், விருந்தென்றால் வட்டலாப்பமும் இந்தக் கரையின் பந்தி. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்ந்த வட்டலாப்பம் இலங்கைக்கும் இந்தக் கரைக்கும் பொது. கடலைச் சேர்க்காத வரைபடத்தில் அதற்கு இடமே இருக்காது.

மீன் கிடைக்கும் நாளும் இங்கே ஒரு புதிர்த் துண்டு. விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் ஒரே கடலில் மோதிக்கொள்ளாமல் இருக்க, விசைப்படகுகளுக்கு வாரத்தில் குறிப்பிட்ட நாள்கள் என்று ஓர் ஏற்பாடு நெடுநாளாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இனப்பெருக்கத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகுக்காரர் கொண்டுவருவதே மீன். கோடை விடுமுறையில் வந்து ‘இங்கே மீன் பெரிசாக ஒன்றுமில்லை’ என்று சொல்லிப் போகிறவர் குறைசொல்வது கடலை அல்ல, நாள்காட்டியை. கிடைக்கும் நாளிலும் நல்ல நண்டும் இறாலும் ஏலம் முடிந்த கையோடு பனிக்கட்டிப் பெட்டியில் ஏறிவிடுகின்றன; ஊர்ச் சட்டியில் விழுவது பொடிமீன். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துவைக்கும் செய்தி வந்தால், அந்த வாரம் துறையே வெறிச்சோடும். ‘உள்ளூரில் உள்ளதே சிறந்தது’ என்ற நம்பிக்கையை இந்தத் துறை கலைத்துவிடுகிறது. சிறந்தது போய்விடுகிறது. மிஞ்சிய பொடிமீனைக் குழம்பாக்கி, புளியும் மிளகாயும் தூக்கலாகப் போட்டுச் சுவைகூட்டும் கைப்பக்குவம்தான் உள்ளூருக்குரியது. எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதோடு எது அவர்கள் கையைவிட்டுப் போகிறது என்பதையும் வைத்துப் பார்த்தால்தான் ஓரம் சேரும்.

நெடுவாசல்

வடக்கே திரும்பினால் கீரமங்கலம், வடகாடு, நெடுவாசல். கடற்கரையிலிருந்து இவ்வளவு அருகில் இவ்வளவு பச்சையா என்று தோன்றும். ஆழ்குழாய்த் தண்ணீரில் வாழையும் பூவும், வேலியோரம் பலாவும் தென்னையும். வடகாட்டுப் பலா பருவத்தில் சாலையோரம் குவிந்துகிடக்கும். பிஞ்சு கூட்டாகும், பழம் சுளையாகும், கொட்டை சுட்டும் அவித்தும் தின்னப்படும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியபோது இந்தப் பகுதியில் தென்னையும் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நட்டுப் பலன் காணப் பல வருஷமாகும் மரங்கள் அவை. ஜிக்சாவிலிருந்து ஊர் விலகுகிற இடம் இதுதான். அட்டைத் துண்டுகள் மாறுவதில்லை. கலைத்துப் பெட்டியில் போட்டால் அடுத்த முறையும் அதே வடிவம். இங்கே துண்டுகளே காணாமற்போகின்றன, வேறு வடிவில் திரும்புகின்றன. ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி இருந்த இடங்களில் தைலமரம் வந்ததால், வெளியூர்க் கொட்டையை வாங்கி வறுப்பதும் நடக்கிறது. ‘அப்படியானால் இன்று பொருத்திப் பார்த்த படம் நாளை செல்லாதே, எதற்கு இந்த மெனக்கெடல்?’ என்று கேட்டால், செல்லாமற்போகும் என்பதாலேயே பார்க்க வேண்டியிருக்கிறது. எது எதோடு பிணைந்திருந்தது என்று தெரியாதவருக்கு, ஒன்று போனால் கூடவே எவையெல்லாம் போகும் என்று தெரியாது.

நெடுவாசல் மக்களுக்கு அது தெரிந்திருந்தது. 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக அந்தக் கிராமம் உட்கார்ந்தபோது, தமிழ்நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எரிவாயு நாட்டுக்குத் தேவை, ஒரு சில கிணறுகளால் என்ன ஆகிவிடும் என்று எதிர்வாதம் வைக்கப்பட்டது. கிணறு தோண்டும் இடத்தை மட்டும் தனித்துண்டாகப் பார்ப்பவரின் கணக்கு அது. நிலத்தடி நீர், வாழை, பூச்சந்தை, பலா, கூலி, பிள்ளைகளின் படிப்பு என்று ஒன்றைப் பிடுங்கினால் ஆறு ஆடும் என்று அங்கே வாழ்பவர்கள் கண்டார்கள். 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் காவிரிப் படுகை மாவட்டங்களோடு புதுக்கோட்டையின் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களும் சேர்ந்தன. சட்டம் எவ்வளவு காக்கிறது என்பது தனி விவாதம்; ஆனால் அந்த ஐந்து பெயர்களும் ஒரே வரியில் வந்ததற்கு, மண்ணையும் சோற்றையும் சேர்த்துப் பார்த்த ஒரு கிராமத்தின் பிடிவாதமும் காரணம்.

பயணியிடம் இந்த அளவு அறிவை எதிர்பார்ப்பது அதிகம். இரண்டு நாள் வந்து போகிறவர் ஊர்க்காரர் ஆகிவிட முடியாது. ஆனது போல நடிப்பதும் அசிங்கம். ஆனால் பட்டியலில் உள்ள பண்டத்தைச் சாப்பிட்டு முடித்த பிறகு, பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். அதைச் செய்தவரிடம் ‘இது எந்த மாசம் வரைக்கும் கிடைக்கும், தண்ணி எங்கேருந்து, முன்னே யாரெல்லாம் செய்வாங்க’ என்று மூன்று கேள்வி கேட்கலாம். பெரும்பாலும் அவர்கள் விருப்பத்தோடு பதில் சொல்வார்கள். சொல்லத் தயங்கும் இடத்தில், தயங்குவதற்கும் ஒரு காரணம் இருக்கும். அந்தப் பதில்களில் ஒன்று, வேறு ஊரில் வேறு இலையில் கண்ட ஏதோ ஒன்றோடு போய்ச் சேரும். அப்படி இரண்டு துண்டு சேர்ந்தாலே போதும். அதற்குப் பிறகு செய்தித்தாளில் புதுக்கோட்டை என்று வரும்போது, அது வேறு யாருடைய ஊரோ என்று பக்கத்தைப் புரட்டிவிட முடியாது. நல்ல சாப்பாட்டுக்கு விலை கொடுத்தாயிற்று என்று எழுந்து வந்துவிடலாம். ஆனால் அதன் பின்னால் இருப்பவர்களுக்குப் பட்ட கடன் அதோடு தீர்வதில்லை.